பூட்டக்காவின் திங்கட்கிழமைகள்

அத்தை என் தந்தையின் ஒரே தங்கை. பண்ணை வீட்டின் மாடியில், கிழக்குப் பார்த்த அறையில் பிறந்தார். இருபத்திரண்டாம் வயதில் திருமணம். கணவர் சரக்குக் கப்பலில் எந்திரப் பணியாளர். ஆண்டில் பத்து மாதம் கடலில் இருப்பார். ஒன்பதாம் ஆண்டில், வேறொரு நாட்டுத் துறைமுக மருத்துவமனையில் காய்ச்சலால் இறந்தார். குழந்தைகள் இல்லை. அத்தை முப்பத்தொன்றாம் வயதில் இரண்டு பெட்டிகளோடும் ஒரு தையல் எந்திரத்தோடும் பண்ணைக்குத் திரும்பினார். மாடியில் அவருக்கு அறை இருந்தது. அவரோ முன்வாயிலை ஒட்டிய இரண்டு சிறிய அறைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். முன்பு வண்டிச் சாமான்கள் போட்டு வைத்திருந்த அறைகள் அவை.

பண்ணை வீடு கட்டி நூற்று முப்பது ஆண்டுகள் ஆகின்றன. கருங்கல் சுவர், ஓட்டுக் கூரை. வீட்டுக்கு எதிரே நாற்பது மாடுகள் வரிசையாக நிற்கக்கூடிய நீண்ட தொழுவம். தொழுவத்தின் கோடியில், எலி ஏறாதபடி கல் கால்கள் மேல் எழுப்பிய தானியக் கிடங்கு. இவற்றுக்கு நடுவே கல் பாவிய முற்றம். முற்றத்தின் இரு முனைகளிலும் இரும்புக் கதவுகள்: ஒன்று பெரிய தெருவைப் பார்த்தது, மற்றொன்று ரயில் நிலையத்துக்குப் போகும் குறுகலான சந்தைப் பார்த்தது. பெரிய தெருவுக்கு அப்பால் ஆலைத் தொழிலாளர் குடியிருப்பு எழுந்த பிறகு, அங்கிருந்தவர்கள் ரயிலுக்குப் போக முற்றத்தின் வழியே நடக்கத் தொடங்கினார்கள். சுற்றிப் போனால் அரை மணி நேரம். முற்றத்தின் வழியே ஐந்து நிமிடம். தாத்தா தடுக்கவில்லை.

தடுக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தாத்தாவிடம் அவருடைய வக்கீல் எடுத்துச் சொன்னார். இருபது ஆண்டுகள் தடையின்றி மக்கள் நடந்த வழி பொதுவழியாகிவிடும். பிறகு அதன் மேல் பண்ணைக்கு எந்தப் பிடியும் இராது. அவ்வாறு ஆகாமல் காக்க, ஆண்டுக்கு ஒரு நாளாவது கதவைப் பூட்டி, வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். விடுமுறை நாளில் பூட்டினால் அது கணக்கில் வராது. மக்கள் நடந்தே தீர வேண்டிய நாளில் பூட்ட வேண்டும். தாத்தா மார்ச் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். அன்று காலை முதல் இருட்டும் வரை கதவுக்கு உட்புறம் குடும்பத்தில் ஒருவர் இருந்து, வருகிற ஒவ்வொருவரிடமும் வாயால் மறுப்புச் சொல்ல வேண்டும் என்பதும் வக்கீலின் ஏற்பாடே. தாத்தாவின் முழங்கால் ஒத்துழைக்க மறுத்த ஆண்டில் அந்த வேலை என் தந்தைக்கு வந்திருக்க வேண்டும். அப்பா பேசத் தொடங்கினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடும். ஆகையால் அத்தையிடம் ஒப்படைத்தார்கள். அப்போது அத்தைக்கு வயது முப்பத்துநான்கு.

இதுவரை சொன்னவை குடும்ப ஆவணங்களில் உள்ளவை. இனிச் சொல்பவற்றில் சில நான் நேரில் கண்டவை. மற்றவை அத்தையும் அம்மாவும் பிறரும் சொல்லக் கேட்டவை.

அந்த வேலைக்கு அத்தையைவிடப் பொருத்தமில்லாத ஒருவரைத் தேடிப் பிடித்திருக்க முடியாது. ஒன்பது ஆண்டுகள் வாடகை வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு தனியே இருந்தவர், மனிதர்களைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வாயிலோர அறைகளைக் கேட்டு வாங்கியிருந்தார். கன்றுகளுக்குப் பால் காட்டுவதும் தீவனம் அளப்பதும் பால் வண்டிக்குக் கேன்களை ஏற்றி அனுப்புவதும் அவர் பொறுப்பு. அந்த வேலைகளுக்கு நடுவே, முற்றத்தைக் கடந்த ஒவ்வொருவரின் பாடும் அவருக்குத் தெரிந்திருந்தது. யாருக்கு இன்று சம்பள நாள், யாருடைய மகள் தேர்வில் தவறினாள், யாருக்கு ரயில் ஏறும்போது மட்டும் வயிற்றைக் கலக்கும் என்பதெல்லாம் அவரிடம் இருக்கும். ஓடுகிறவரைப் பார்த்து, "மெதுவாப் போங்க, வண்டி இன்னும் ஊதலை" என்பார். அது பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஆண்டு முழுவதும் இப்படி இருந்தவர் அந்த ஒரு திங்கட்கிழமை மட்டும் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். உள்ளே ஒரு நாற்காலி; பக்கத்தில் ஸ்டூல் மேல் பெரிய பிளாஸ்க்; ஒரு தட்டில் தம்ளர்கள். வருகிறவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அத்தை எழுந்து, "இன்னிக்கு வழி இல்லைங்க, சுத்திப் போங்க" என்பார். பிறகு, அந்த வாக்கியத்தின் காரத்தைத் தணிக்கிறவர்போல், கம்பிகளுக்கு இடையே ஒரு தம்ளர் டீயை நீட்டுவார். வக்கீலின் ஏற்பாட்டில் டீ இல்லை. அது அத்தையின் சொந்தச் சேர்க்கை. பலர் டீயைக் குடித்துக்கொண்டே திட்டினார்கள். சிலர் டீயையும் வாங்காமல் திட்டினார்கள். ஒருமுறை தையற்காரர் ஒருவர், "டீ எதுக்கு? நீங்க சாவியக் குடுங்க, நான் உங்களுக்கு டீ போட்டுத் தர்றேன்" என்றார். அத்தை சிரித்துவிட்டார், சாவியைக் கொடுக்கவில்லை.

அவருக்குப் 'பூட்டக்கா' என்ற பெயர் அப்படித்தான் வந்தது. மீதி நாட்கள் அத்தனையும் கதவு திறந்தே கிடந்ததை யாரும் பெயராக வைக்கவில்லை. இதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை; பெயர்கள் இப்படித்தான் அமைகின்றன. அத்தையும் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. அம்மா கேலி செய்தால், "ஏன் அண்ணி, சாவியக்கான்னு வெச்சிருந்தா நல்லாவா இருக்கும்?" என்று கேட்பார்.

அப்பாவின் கண்டிப்பு ஒன்றே ஒன்றுதான். ஒவ்வோர் ஆண்டும் ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அதைச் சொல்வார்: "ஒரு தடவை திறந்தா, எப்பவும் திறந்திருந்த மாதிரிதான். அத்தனை வருஷமும் தண்ணில போட்ட மாதிரி." அத்தை தலையை ஆட்டுவார்.

பதினாறாம் ஆண்டில் அத்தை திறந்தார்.

காலை ஏழரை மணி இருக்கும். குடியிருப்பைச் சேர்ந்த வெல்டிங்காரர், சட்டைப் பித்தானைக் கூடச் சரியாகப் போடாமல் ஓடி வந்து கம்பியில் மோதி நின்றார். அவர் மனைவி முந்தின இரவுச் சண்டையில் கோபித்துக்கொண்டு, கைக்குழந்தையோடு ஏழு நாற்பது வண்டியில் பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். வழி அடைத்திருக்கும் என்பது அந்த அம்மாளுக்கு நினைவிருந்தது. நேரத்தோடு எழுந்து சுற்றுவழியே போய்விட்டார். கணவருக்கு நினைவில்லை.

அத்தை வழக்கமான வாக்கியத்தைச் சொன்னார். வெல்டிங்காரர் டீயைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் கூப்பினார்.

"அக்கா, காலைப் பிடிச்சுக் கேக்கறேன். சுத்திப் போனா வண்டி போயிடும். வண்டி போச்சுன்னா அவ வரமாட்டாக்கா. எனக்கு அவளைத் தெரியும்."

"என்ன சண்டை?"

"அவ அண்ணனுக்குப் பணம் குடுக்க மாட்டேன்னுட்டேன்."

"குடுத்திருக்கலாம்ல?"

"இப்ப அதுக்கெல்லாம் நேரமில்லக்கா."

அத்தை சாவியை எடுத்தார். பெரிய கதவில் பதித்த சிறு கதவைத் திறந்து விட்டு, அவர் உள்ளே வந்ததும் மறுபடி பூட்டினார். முற்றத்தைக் கடந்து பின்கதவையும் திறந்து விட்டார். அன்று மாலை வரை இன்னும் பலரைத் திருப்பி அனுப்பினார். வெல்டிங்காரர் மனைவியோடும் குழந்தையோடும் சுற்றுவழியே வீடு திரும்பினார் என்பது அத்தைக்கு மறுநாள் தெரிந்தது. அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. பதினோர் ஆண்டுகள் சொல்லவில்லை.

அந்தப் பதினோர் ஆண்டுகளில் பண்ணை மெல்லக் கரைந்தது. தீவன விலைக்கும் பால் விலைக்கும் நடுவே அப்பா நசுங்கினார். நாங்கள் ஆளுக்கொரு நகரத்தில் வேலைக்குப் போய்விட்டோம். கடைசி மாடுகளை விற்ற பிறகு, அப்பா எங்களை அழைத்துத் தம் முடிவைச் சொன்னார். பண்ணையை விற்கப் போவதில்லை; குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதிக் கொடுக்கப் போகிறார். தொழுவத்தில் வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளுக்கான காப்பகம், கிடங்கில் படிப்பகம், பின்புற நிலத்தில் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் காய்கறிப் பாத்திகள், வீட்டின் கீழ்த்தளத்தில் கூட்ட அறை. வாயிலோர அறைகள் இரண்டும் அத்தையின் ஆயுள் வரை அத்தைக்கு. கல், ஓடு, முற்றம் எதையும் இடிக்கக் கூடாது என்பது நிபந்தனை. சங்கத்தின் செயலாளர், ஓய்வு பெற்ற வங்கிக் காசாளர், பேனாவை மூடித் திறந்து மூடி இவை அனைத்துக்கும் சம்மதித்தார்.

பத்திரம் பதிவாகும் முன் சாலைத் துறை குறுக்கிட்டது. ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு பெரிய சரக்குக் கிடங்கு வரவிருந்தது. லாரிகளுக்கு வழி வேண்டும். பண்ணை முற்றத்தின் வழியே மக்கள் பல்லாண்டுகளாக நடந்துவருவதால் அது பொதுவழி என்றும், பொதுவழியை அகலப்படுத்தத் துறைக்கு உரிமை உண்டு என்றும் அறிவிப்பு ஒட்டினார்கள். வரைபடத்தில் சிவப்புக் கோடு முற்றத்தின் நடுவே ஓடியது. கோட்டுக்குள் தொழுவத்தின் பாதியும் அத்தையின் இரண்டு அறைகளும் அடங்கியிருந்தன. தொழுவம் போனால் காப்பகம் இல்லை. காப்பகம் இல்லாமல் மீதிக்கு அர்த்தம் இல்லை என்பது சங்கத்தாருக்கும் தெரியும்.

நிலைமையின் விசித்திரம் அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. பண்ணையை மக்களுக்குக் கொடுக்க வேண்டுமானால், அதில் மக்களுக்கு உரிமை இருந்ததில்லை என்பதை முதலில் நிலைநாட்டியாக வேண்டும்.

எங்கள் வக்கீல், தாத்தாவுடைய வக்கீலின் மகன், வீட்டுக்கு வந்தார். ஒவ்வோர் ஆண்டும் கதவு பூட்டியதற்குக் குடும்பத்தில் எழுதி வைத்த குறிப்புகள் உண்டு என்று எடுத்து வைத்தேன். அவர் மரியாதையாகப் புரட்டிவிட்டு மரியாதையாக மூடினார். ஒரு குடும்பம் தனக்காகத் தானே எழுதிக்கொண்டது அந்தக் குடும்பத்துக்குச் சாட்சியாகாது. வெளியாட்கள் வாயால் வர வேண்டும். பிறகு அத்தையைப் பார்த்து, ஓர் ஆண்டுகூட விட்டுப்போகவில்லையே என்று கேட்டார்.

அத்தைக்கு முன்பாக அப்பா பதில் சொன்னார். "என் தங்கச்சி நின்னா ஈ நுழையாது."

அத்தை காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். அங்கே அம்மாவிடம் பதினோர் ஆண்டுகளுக்குப் பிறகு சொன்னார். அம்மா அதை எனக்குப் பிற்பாடு சொன்னபடி இங்கே தருகிறேன்.

"இப்ப என்ன பண்றது அண்ணி?"

"என்ன பண்றதா? பேசாம இரு. கேட்டாப் பாத்துக்கலாம்."

"கேப்பாங்களே."

"கேட்டா ஞாபகம் இல்லைன்னு சொல்லு. அறுபது வயசுக்கு மேல அது ஒண்ணாவது உதவட்டும்."

அத்தை சிரித்தாராம். பிறகு, குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, "ஒருத்தன் குடும்பத்துக்காகத் திறந்தேன். இப்ப நூறு குடும்பத்துக்கு மூடிட்டேனோன்னு இருக்கு" என்றாராம். குழாயை மூட வெகுநேரம் ஆயிற்று என்று அம்மா சொன்னார்.

அந்த வார இறுதியில் வெல்டிங்காரர் வந்தார். அன்று கைக்குழந்தையாக இருந்த மூத்த மகளுக்குப் பிறகு இன்னும் இரண்டு குழந்தைகள். கடைசிக் குழந்தையைக் காப்பகத்தில் சேர்ப்பதற்குச் சங்கத்தில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருந்தவரும் அவர்தான். அத்தையின் அறைக்குள் வராமல் வாசற்படியிலேயே நின்று, தாழ்ந்த குரலில், உயிரே போனாலும் அந்த விஷயத்தில் தாம் வாய் திறக்கப் போவதில்லை என்று உறுதி கொடுத்தார். தாம் செய்வது பெரிய உபகாரம் என்று அவர் நினைத்ததில் தவறில்லை.

அத்தை தையல் எந்திரத்தை நிறுத்தினார். "நீ திறக்கலைன்னா நான் திறக்கணும். யாராவது ஒருத்தர் திறந்துதானே ஆகணும்?"

"எதுக்குக்கா? யாருக்கும் தெரியாதே."

"உனக்குத் தெரியும், உன் பெண்டாட்டிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இதுக்கு மேல யாருக்குத் தெரியணும்?"

வழியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதால் விசாரணை அதிகாரி பண்ணைக்கே வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. கையில் குடை, தோளில் பை, கூட வந்த எழுத்தருக்கு இருமல். உட்கார இடம் வேண்டியதால், காலியாகக் கிடந்த தொழுவத்தைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பள்ளிக்கூடத்திலிருந்து பெஞ்சுகளை இரவல் வாங்கிப் போட்டிருந்தார்கள். கழுவிய பிறகும் மாட்டு வாடை போகவில்லை. சுண்ணாம்பு வாடை அதனோடு சேர்ந்துகொண்டது. மாடுகள் நின்ற வரிசையிலேயே குடியிருப்புக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். எண்ணிப் பார்த்தால், அந்தக் கட்டடம் மக்கள் கூடுவதற்குப் பயன்பட்டது அன்றுதான் முதல் முறை. செயலாளர் அத்தையிடம் சத்தம் அதிகமாக இருப்பதாகக் குறைப்பட்டார். மாடுகளுக்கு வாயில் எப்போதும் ஏதாவது இருக்கும், அதனால் சத்தம் குறைவு என்று அத்தை விளக்கினார்.

சாலைத் துறைப் பொறியாளர் முதலில் பேசினார். நல்ல மனிதர், தமக்குச் சொல்லப்பட்டதைத் தெளிவாகச் சொன்னார். இத்தனை பேர், இத்தனை ஆண்டுகள், இந்த வழியே நடந்திருக்கிறார்கள்; வேண்டுமானால் இங்கே இருப்பவர்களையே கேட்கலாம். அதிகாரி கேட்டார். முன்வரிசையில் இருந்த பள்ளி ஆசிரியை எழுந்து, முப்பது ஆண்டுகளாக நடந்துவருவதாக உண்மையைச் சொன்னார். பொறியாளர் தலையை ஆட்டினார். அதிகாரி, யாரும் எப்போதும் தடுத்ததில்லையா என்று கேட்டார்.

ஆசிரியை அத்தையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"தடுக்கலையா? விடைத்தாள் கட்டைத் தலைல வெச்சுக்கிட்டு நின்னேங்க. மன்றாடினேன். விடலை. சுத்திப் போய், லேட்டாகி, தலைமை ஆசிரியர் எழுதி வாங்கினார். இன்னிக்கும் என் ஃபைல்ல இருக்கு அது."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"டீ குடுத்தாங்க. வேணாம்னேன். சர்க்கரை கம்மியா வேணுமான்னு கேட்டாங்க."

அதற்குப் பிறகு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தையற்காரர் எழுந்தார். மணப்பெண்ணின் ரவிக்கைகளோடு தாம் பட்ட பாட்டை, ரவிக்கைக்கு எத்தனை கொக்கி என்பது உட்பட விவரித்தார். மருந்துக்கடைக்காரர், தம்மை ஒரு முறை அல்ல, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து திருப்பி அனுப்பியதாகச் சொன்னார். எங்களை மட்டும் சும்மாவா விட்டார் என்று பின்வரிசையில் இருவர் எழுந்தார்கள். இருபத்தேழு ஆண்டுகளாக மனத்தில் போட்டுப் புழுங்கிய வசவுகள் அனைத்தும் அன்று அந்தத் தொழுவத்தில் கொட்டின. ஒருவர் பட்ட சிரமத்தைவிட அடுத்தவர் பட்டது பெரிதாக இருந்தது. எழுத்தர் இருமலை மறந்து எழுதினார். பொறியாளர் உட்கார்ந்துவிட்டார். வக்கீல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறவர்கள் அப்படிப் பார்ப்பதுண்டு.

இவர்களில் ஒருவர்கூட அத்தைக்கு உதவ வேண்டும் என்று முன்கூட்டிப் பேசிக்கொண்டு வரவில்லை. வந்தவர்களுக்குக் காப்பகம் வேண்டியிருந்தது உண்மை. ஆனால் அன்று அவர்களைப் பேச வைத்தது உண்மையான கோபம். அதனால்தான் அது எடுபட்டது என்பது என் கருத்து.

அத்தையின் முறை வந்தது. எழுந்து நின்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். எத்தனை ஆண்டுகள் நின்றார், என்றைக்கு, எங்கே என்ற கேள்விகளுக்குச் சுருக்கமாகப் பதில் சொன்னார். அதிகாரி பேனாவை வைக்கப் போகும் சமயத்தில், சம்பிரதாயத்துக்குக் கேட்பதுபோல், ஒருமுறைகூட யாரையும் விட்டதில்லை அல்லவா என்று கேட்டார்.

"விட்டேன்" என்றார் அத்தை.

எழுத்தர் அதை எழுதிக்கொண்டார். அப்பா மெதுவாகத் திரும்பினார். அந்த முகத்தை நான் பார்த்தேன். அதில் கோபம் இருக்கவில்லை. தெரிந்த ஒருவரை வேறோர் ஊரில் திடீரென்று பார்த்தாற்போன்ற முகம். பொறியாளர் எழுந்து, அம்மையார் சொன்னதைக் குறித்துக்கொள்ளுமாறு வேண்டினார். அது ஏற்கெனவே குறிக்கப்பட்டுவிட்டது என்றார் அதிகாரி.

"யாரை விட்டீங்க?"

வெல்டிங்காரர் தாமாகவே எழுந்தார். அவர் பக்கத்தில் மனைவி, மடியில் கடைசிக் குழந்தை. நடந்ததை அவர் சொல்லச் சொல்ல, வரிசைகளில் பலர் எட்டிப் பார்த்தார்கள். அந்தச் சண்டை குடியிருப்பில் ஒருவருக்கும் தெரியாமல் போனதில் சிலருக்கு வருத்தம்கூட இருந்திருக்கலாம். அதிகாரி குறுக்கிட்டார்.

"கதவு திறந்திருந்ததா, பூட்டியிருந்ததா?"

"பூட்டுத் தொங்கிச்சு மேடம்."

"அப்புறம் எப்படிப் போனீங்க?"

"கெஞ்சினேன். கையெடுத்துக் கும்பிட்டேன். கால்ல விழத் தயாரா இருந்தேன், நடுவுல கம்பி இருந்துச்சு."

"அவங்க விடலைன்னா போயிருப்பீங்களா?"

"எப்படிங்க போறது? அவங்க விட்டாத்தானே வழி."

அதிகாரி அந்தக் கடைசி வாக்கியத்தை மறுபடி சொல்லச் சொல்லி எழுத்தரை எழுத வைத்தார். வக்கீல் கூரையிலிருந்து கண்ணை இறக்கினார். அதிகாரி பேனாவை மூடியபின், அலுவல் முடிந்த குரலில், வண்டியைப் பிடித்தீர்களா என்று கேட்டார்.

பதில் மனைவியிடமிருந்து வந்தது. உட்கார்ந்தபடியே சொன்னார். "வண்டி அன்னிக்கு நாப்பது நிமிஷம் லேட்டுங்க. சுத்தியே வந்திருக்கலாம்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. உட்கார்ந்து, இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரின் ஈரச் சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாம் சொன்ன ஒற்றைச் சொல் வழக்கை எந்தப் பக்கம் சாய்த்தது என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தெரியாது.

கூட்டம் கலைந்த பிறகு அப்பாவும் அத்தையும் முற்றத்தைக் கடந்து வந்தார்கள். நான் ஓரடி பின்னால் வந்தேன்.

"வண்டி லேட்டுன்னு தெரிஞ்சிருந்தா விட்டிருப்பியா?" என்று அப்பா கேட்டார்.

"தெரிஞ்சிருந்தா டீ குடுத்து உக்கார வெச்சிருப்பேன் அண்ணா."

அப்பா அதற்குப் பிறகு அந்த விஷயத்தை எடுத்ததே இல்லை. வாயிலோர அறை வரை கூடவே வந்து, அத்தை உள்ளே போய் விளக்கைப் போடும்வரை நின்றுவிட்டுத் திரும்பினார். அவர் அப்படிச் செய்து நான் முன்பு பார்த்ததில்லை.

ஆறு வாரங்கள் கழித்து உத்தரவு வந்தது. அந்த ஆறு வாரங்களும் அத்தை சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னார். தபால்காரரின் மிதிவண்டி மணி கேட்கும்போதெல்லாம் தையலை நிறுத்திவிடுவாராம். உத்தரவை வக்கீல்தான் படித்துக் காட்டினார். ஆண்டுதோறும் வழி மறிக்கப்பட்டது என்பதை மறிக்கப்பட்டவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் விடப்பட்டார் என்பது மறிப்பை முறிக்கவில்லை. அவர் வேண்டினார், உரியவர் இசைந்தார், மற்றவர்கள் அன்றும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வேண்டிப் பெற்ற வழி உரிமையால் வந்த வழி ஆகாது. ஆகவே முற்றம் தனியார் சொத்து. சாலைக்கு வேறு இடம் பார்க்க வேண்டும்.

"அப்ப நான் திறந்ததால ஒண்ணும் போகலையா?" என்று அத்தை வக்கீலைக் கேட்டார்.

போகாதது மட்டுமல்ல, அவர் தாமாக ஒப்புக்கொண்டதால் மற்றச் சாட்சிகளின் சொல்லுக்கும் எடை கூடியது என்று வக்கீல் சொன்னார். அத்தை அதை முழுவதும் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. அன்று மதியம் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டார் என்பது தெரியும்.

பத்திரம் பதிவாயிற்று. அதே பெரிய தெருவின் மறுகோடியில் லாரிச் சாலை போட்டார்கள். தொழுவத்தில் காப்பகம் வந்தது. சாணம் ஓடிய கால்வாயைப் பலகை போட்டு மூடினார்கள். தண்ணீர்த் தொட்டி இருந்த இடத்தில் குழந்தைகள் கை கழுவக் குழாய்கள் வைத்தார்கள். மாட்டு வாடை போக இரண்டு மழைக்காலம் ஆயிற்று. கிடங்கின் கல் கால்களுக்கு இடையே புகுந்துகொண்ட பிள்ளைகளை வெளியே எடுப்பது ஒரு தனி வேலையானது. செயலாளருக்கு வாயிலோர அறைகள் மேல் கண் இருந்தது. அலுவலகத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று இரண்டு கூட்டங்களில் சொன்னார். பத்திரத்தில் அத்தையின் ஆயுள் வரை என்று எழுதியிருப்பதை அத்தையே அவருக்கு நினைவூட்டி, தமக்கு அவசரமில்லை என்றும் சொன்னார். அதன்பின் இருவரும் நல்ல சிநேகிதர்களாகவே இருந்தார்கள். காப்பகச் சாவிகள் அத்தையின் பொறுப்பில் வந்தன. குழந்தைகளுக்கு அவர் பூட்டத்தை.

சங்கத்தின் முதல் ஆண்டுக் கூட்டத்தில் வழியைப் பற்றிய பேச்சு வந்தது. இப்போது சங்கம்தான் உடைமையாளர். ஒன்று, சங்கமும் ஆண்டுக்கொரு திங்கட்கிழமை கதவைப் பூட்டி யாரையாவது நிறுத்த வேண்டும். அல்லது வண்டிகள் நுழையாத நடைபாதையாக அதை நிரந்தரமாக எழுதி வைத்துவிட வேண்டும் என்றார் வக்கீல். நிற்க முன்வருகிறவர் யார் என்று செயலாளர் கேட்டார். ஒருவரும் முன்வரவில்லை. நடைபாதைக்கு ஆதரவாக எல்லோரும் கை தூக்கினார்கள், அத்தையைத் தவிர. எதிர்ப்பா என்று செயலாளர் கேட்டார்.

"எதிர்ப்பு இல்லைங்க. நானும் கையத் தூக்கினா, இத்தனை வருஷம் சும்மா நின்ன மாதிரி ஆயிடும். நீங்க தூக்குங்க. நான் பாத்துக்கறேன்."

நடுநிலை என்று குறித்துக்கொண்டார்கள். கீல்களை அறுத்துக் கதவுகளைக் கழற்றும் வேலையை வெல்டிங்காரர் கூலி வாங்காமல் செய்தார். அத்தை கிட்டே நின்று, தீப்பொறி கல் மேல் விழாமல் பார்க்கச் சொன்னார். இரும்பைப் பழைய சாமான்காரர் எடுத்துப் போனார். கிடைத்த தொகை காப்பகத்தின் கூரை ஓட்டுக்குச் செலவாயிற்று.

அத்தை அதன் பிறகும் அந்த அறைகளிலேயே வாழ்ந்தார். எழுபத்தொன்றாம் வயதில், ஒரு பிற்பகல் தூக்கத்தில் இறந்தார். பூட்டிய ஆண்டுகள் இருபத்தேழு. திறந்த ஆண்டுகள், அவர் இருந்தவரை, ஒன்பது.